நிலுவையில் இருந்த பின்னூட்டங்கள்

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாருக்காக உழைக்கிறார்களோ அந்த ஆளின் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. பல் மருத்துவர்களிடமிருந்து வாயின் அச்சு மட்டும் வெள்ளைப் பிளாஸ்டரில் வரும், கூடவே ஒரு எண்ணும் பல்லின் நிறமும் எழுதிய சீட்டு. மெழுகில் பற்களைப் பதித்து, இளஞ்சிவப்பில் ஈறு வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. மற்றவர்களுக்கு முடிந்துவிடும். இவளுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

மிச்சமிருக்கும் பற்களில் இடது பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், வலது பக்கத்தோடு இந்த மனிதருக்கு என்ன சண்டை என்று இவளுக்கு மண்டை குடையும். முன்பல்லில் சின்ன வெட்டு இருந்தால், நூலைப் பல்லால் கடித்தே காலம் தள்ளிய தையல்காரரோ என்று தோன்றும். தோன்றியதை யாரிடமாவது கொட்டாவிட்டால் சோறு இறங்காது. பக்கத்து மேசைக்காரரோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்பவர். தேய்க்கும் இயந்திரத்தின் சத்தத்துக்காக என்பார். இவளுக்காகத்தான் என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தால், "சாப்பிடற நேரத்துல அடுத்தவங்க வாயைப் பத்திப் பேசணுமா?" என்பார். கேட்க ஆளே கிடைக்காமல் இவள் ஒரு வலைப்பூ தொடங்கினாள். 'வாய்க்கு வந்தது' என்று அதற்குப் பெயர் வைத்தாள். எழுதுபவர் பெயர் கேட்ட இடத்தில் 'பல்லி' என்று போட்டாள்.

அந்தப் பல்லிக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது. இந்தத் தொழிலைப் படித்த காலத்தில் இவளும் இன்னொருத்தியும் ஒரே அறை. இவள் குட்டை, ஒல்லி, எந்நேரமும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு உட்காருகிறவள். அதனால் அவள் இவளைப் பல்லி என்றாள். அவள் நெட்டை. நிமிர்ந்தால் கூரையைத் தலையாலேயே துடைத்துவிடலாம். அதனால் இவள் அவளை ஒட்டடை என்றாள். விடுமுறை விட்டால் இருவரும் ஒட்டடையின் வீட்டில்தான் கிடப்பார்கள். அங்கே அவளுடைய அம்மா இருவரையும் முன்னால் உட்காரவைத்து, ஒரே சீப்பில், ஒரே திட்டில், தலை வாரிவிடுவார். "எனக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சுன்னா செட்டு நீதாண்டி செய்யணும்," என்று அந்த அம்மா இவளிடம்தான் சொல்லிவைத்தார். "என் பொண்ணுக்கு எல்லாத்துலயும் அவசரம். எனக்குக் குதிரைப் பல்லு வெச்சு அனுப்பிடுவா." இவளும் பந்தாவாக வாக்குக் கொடுத்தாள்.

அந்த நட்பு இவளுடைய கல்யாணத்தில் முறிந்தது. வரப்போகிற மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த ஒட்டடை வளைத்துப் பேசவில்லை. "நல்லவர்தாண்டி. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். ஆனா உனக்கு எது நல்லதுன்னு அவரே முடிவு பண்ணுவார். உன்கிட்ட கேக்காமயே பண்ணுவார்" என்றாள். அதற்கு இவள் சொன்னது நல்ல வார்த்தை இல்லை. "உனக்கு ஒண்ணும் அமையலன்னு எனக்கு அமைஞ்சதைக் கெடுக்காத." ஒட்டடை கல்யாணத்துக்கு வரவில்லை. கைபேசி எண்ணை மாற்றினாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேறெங்கோ குடிபோய்விட்டாள் என்று காதில் விழுந்தது.

தேடிப் போக இவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மறந்துவிட்டுச் சும்மா இருக்க மனசு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் வலைப்பூ, அதனால்தான் பல்லி. எங்கேயோ ஒரு நாள் ஒட்டடையின் கண்ணில் அந்தப் பெயரும் பல் கதையும் பட்டால், இது வேறு யாராகவும் இருக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிடும். வந்து நாலு திட்டு திட்டினாலும் போதும் என்று இவள் நினைத்தாள். வீட்டுக்காரரிடம் இதை மறைக்கவும் இல்லை. மறைக்கத் தெரிந்தவள் ஏன் வலைப்பூ எழுதப்போகிறாள்?

வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீரில் நாற்றம் என்று காலையிலிருந்து மாலைவரை ஊரே அவர் மேசையில் வந்து விழும். அவருக்கு அதில் ஒரு தேர்ச்சி உண்டு. புகாரைத் தள்ளுபடி செய்தால் மேலிடத்துக்குப் போவார்கள், ஏற்றுக்கொண்டால் நமக்கு வேலை வரும், நிலுவையில் வைத்தால் ஒரு வம்பும் வராது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்டு இவளும் சிரித்திருக்கிறாள்.

வலைப்பூ தொடங்கிய புதிதில் எவனோ ஒருவன் பதிவின் அடியில் வந்து அசிங்கம் அசிங்கமாக எழுதிவிட்டுப் போனான். வாயை வைத்து எழுதினால் என்னென்ன ஆபாசம் வரும் என்று இவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு அழுதாள். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே வர்றதெல்லாம் முதல்ல என்கிட்ட வரட்டும். ஒழுங்கா இருந்தா உள்ள விடறேன். குப்பையை எல்லாம் நீ ஏம்மா பாக்கணும்? நீ எழுது, போதும்."

இதை வலைப்பதிவர்கள் மட்டுறுத்தல் என்பார்கள். யார் பின்னூட்டம் எழுதினாலும் உடனே வெளியில் தெரியாது. உள்ளே காத்திருக்கும். ஒருவர் பார்த்து 'வெளியிடு' என்று அழுத்தினால்தான் பதிவின் அடியில் போய் உட்காரும். அழுத்தும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். தகவல் வந்து சேரத் தன் மின்னஞ்சலைக் கொடுத்தார். தொட்டவுடன் நேராக எழுதும் பக்கம் திறக்கிற மாதிரி இவளுடைய திரையில் ஒரு குறி வைத்துக் கொடுத்தார்.

"ஒட்டடைன்னு யாராவது வந்தா மட்டும் உடனே சொல்லிடணும்" என்றாள் இவள்.

"சொல்லாம இருப்பேனா?" என்றார்.

இவளுக்குக் கண்ணீர் நின்று சிரிப்பு வந்தது. 'என் வீட்டு வாசலில் காவல்காரர் இருக்கிறார்' என்று அடுத்த பதிவையே அவரைப் பற்றி எழுதிப் பெருமை அடித்துக்கொண்டாள்.

பிறகு வருஷங்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டால், அது நின்று கத்துவதற்குள் ஒரு பதிவு முடிந்திருக்கும். வீடு மாறினார்கள், எழுதினாள். மெழுகுச் சுடரில் விரல் வெந்தது, ஒற்றைக் கையால் எழுதினாள். மாமியார் வந்து தங்கியிருந்த காலத்தில் குளியலறையில் உட்கார்ந்துகூட எழுதினாள். கூடவே எழுத ஆரம்பித்த வலைப்பதிவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டு வேறு இடங்களுக்குப் போனார்கள். இவள் அசையவில்லை. இடத்தை மாற்றினால் ஒட்டடை வந்து தேடும்போது ஆள் இருக்க மாட்டாளே.

பின்னூட்டம் என்று பார்த்தால் 'அருமை', 'நன்று சகோ' என்று ஒன்றிரண்டு வரும். அதற்கும் இவள் விழுந்து விழுந்து நன்றி சொல்வாள். அவ்வளவுதான் நமக்கு வாய்த்தது என்று ஒரு கட்டத்தில் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒட்டடை எதிலுமே வரவில்லை. அவள் படிக்கவில்லை, அல்லது படித்தும் மன்னிக்கவில்லை. இரண்டில் எது என்று தெரியாததுதான் இவளை வாட்டியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு சனிக்கிழமை அச்சாணி கழன்றது. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பாளர் பெண் நிறம் சரியில்லை என்று ஒரு செட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பேச்சுவாக்கில் இவள்தான் பல்லி என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. முகம் மலரும் என்று இவள் எதிர்பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது.

"நீங்கதானாக்கா அது? நான் எத்தனை தடவை கமெண்ட் போட்டிருக்கேன் தெரியுமா? ஒண்ணுகூட வெளியிடல நீங்க."

"என்ன போட்டே?"

"ரொம்ப நல்லாயிருக்கு, ஆனா கதையில உங்க வீட்டுக்காரர் பேசற இடமெல்லாம் கொஞ்சம் அதிகாரமா இருக்குக்கான்னு போட்டேன். அதுல என்ன தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை என்று இவள் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டாள். "பின்னூட்டம் ஏதாவது உள்ள நிக்குதா?" அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எல்லாம் மருந்து விளம்பரம். நீ அதையெல்லாம் பாக்காத."

மறுநாள் காலை அவர் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினார். இவள் துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். எழுதும் பக்கம் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது, என்றைக்கும் இருந்ததுதான். பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள். பூட்டில்லை, கடவுச்சொல் கேட்கவில்லை. இவள்தான் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. காவலுக்கு ஆள் இருக்கும்போது வாசலை எட்டிப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி என்று நினைத்திருந்தாள். இப்போது தொட்டாள்.

'மட்டுறுத்தலுக்குக் காத்திருப்பவை' என்ற தலைப்பின் கீழ் திரை இறங்கிக்கொண்டே போனது. மருந்து விளம்பரமும் இருந்தது, பொய் இல்லை. நடுநடுவே மனிதர்கள் இருந்தார்கள். சிரித்தவர்கள், சண்டை போட்டவர்கள், உங்கள் கதையைப் படித்துவிட்டு அப்பாவைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன் என்றவர்கள். இவள் அவர்கள் யாரையும் நின்று படிக்கவில்லை. ஒரே ஒரு பெயரைத் தேடிக் கண்ணை ஓட்டினாள்.

இருந்தது. காவல்காரர் பதிவு வெளியான கொஞ்ச நாளிலேயே வந்திருந்தது.

'அடியே பல்லி, நீதானே? குரங்கு மாதிரி தாவித் தாவி எழுதறதைப் பார்த்தாலே தெரியுது. உன் காவல்காரர் எப்படி இருக்கார்? இன்னும் எல்லாத்தையும் அவரே முடிவு பண்றாரா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காத. நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இது என் புது நம்பர்.' அடியில் எண் இருந்தது.

இவள் கை தன்னால் வாயைப் பொத்திக்கொண்டது. கீழே இறங்கினாள். ஒரு பதிவு விட்டு ஒரு பதிவில் ஒட்டடை வந்து நின்றிருந்தாள்.

'பல்லி, அம்மாவுக்குப் பல்லெல்லாம் போயிடுச்சு. நான் செட் செஞ்சு தரேன்னா வேண்டாமாம். உன்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்களாம். வாய் அச்சு எடுத்து வெச்சிருக்கேன். விலாசம் அனுப்பு, பார்சல் பண்றேன்.'

'பல்லி, கோபம் என் மேல. அம்மா வாய் என்னடி பண்ணிச்சு? கஞ்சிதான் குடிக்கறாங்க. பல்லி வேலை முடிச்சிட்டு வருவான்னு சொல்லிட்டிருக்காங்க.'

'பல்லி, அம்மா போயிட்டாங்க. உனக்குத் தெரியணும்னு எழுதறேன்.'

இந்தக் கடைசிச் சேதி எந்தப் பதிவின் அடியில் இருக்கிறது என்று பார்த்தாள். இருமும்போது பல் செட் பறந்து பாயசத்தில் விழுந்த ஒரு கல்யாண வீட்டுத் தாத்தாவைப் பற்றி இவள் எழுதிய பதிவு. அதை எழுதும்போது தானே சிரித்து உருண்டது ஞாபகம் வந்தது.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததும் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர் என்றைக்கும் இல்லாத அதிசயமாக விடுப்பு எடுத்தார். இவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் தங்கவைத்தார். கால் வலிக்கிறது என்றாள், பிடித்துவிட்டார். திரும்பி வந்து இவள் 'வீட்டுக்காரர் திடீரென்று திருந்திவிட்டார்' என்று பக்கம் பக்கமாக எழுதினாள். அந்தப் பதிவின் அடியில் ஒட்டடையின் கடைசிப் பின்னூட்டம் நின்றது.

'சந்தோஷமா இரு. எனக்குப் பதில் சொல்ல உனக்கு மனசில்லன்னு புரிஞ்சிடுச்சு. இனிமே வர மாட்டேன்.'

அந்த எண்ணுக்குப் போட்டாள். அப்படி ஒரு எண்ணே இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல். உள்ளே இயந்திரம் நின்று கத்திக்கொண்டிருந்தது. இவள் எழுந்து போகவில்லை.

கதவு திறந்தது. புதிதாக வெட்டிய முடியும் கழுத்தில் பவுடருமாக வீட்டுக்காரர் வந்தார். திரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"இதையெல்லாம் படிச்சீங்களா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

"அவ வந்தா சொல்லணும்னு சொன்னேனே. சொல்லாம இருப்பேனான்னு கேட்டீங்களே!"

"முதல் கமெண்ட்லயே என்னைக் குத்தித்தானே எழுதியிருக்கா. மறுபடி உள்ள வந்தா உன்னைக் கலைச்சுடுவான்னு பயந்தேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு வெச்சேன். ரெண்டு நாள் ஆனப்புறம், ஏன் ரெண்டு நாளா சொல்லலன்னு நீ கேப்பே. அப்படியே போயிடுச்சு."

"அம்மா பல்லு இல்லாம கஞ்சி குடிச்சிட்டிருந்தாங்க."

"பல் செட்டுதானேம்மா, வேற எங்கயாவது செஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன்."

இவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த முகம். ஊர் பேர் தெரியாத வாய்களுக்கெல்லாம் பல் செய்து கொடுத்துக்கொண்டு இவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், தலை வாரிவிட்ட அம்மாவின் வாய் இந்த மனிதரின் மின்னஞ்சலில் கிடந்தது. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு இவர் கடற்கரையில் காலைப் பிடித்துவிட்டிருக்கிறார். அந்தக் கையை இவள் பாசம் என்று நினைத்து ஊருக்கே எழுதிவைத்தாள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

"அழிச்சாவது தொலைச்சிருக்கலாமே. எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"அழிக்க மனசு வரல."

"நிலுவையில வெச்சீங்க."

இவள் திரையின் பக்கம் திரும்பி, ஒட்டடையின் முதல் பின்னூட்டத்துக்கு எதிரே இருந்த 'வெளியிடு' என்பதில் விரலை வைத்தாள். அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

"இரு, இரு. யோசிச்சுப் பண்ணு. இப்ப வெளியிட்டாலும் அது எழுதின தேதியோடதான் போய் உக்காரும். பாக்கறவங்களுக்கு, இத்தனை வருஷமா அது அங்கயே இருந்துச்சு, நீதான் கண்டுக்காம இருந்தேன்னு தோணும். அம்மா செத்த சேதிக்குக்கூடப் பதில் சொல்லலன்னு உன்னைத்தான் காறித் துப்புவாங்க. வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது சரிதான் என்பது இவளுக்கும் தெரிந்தது. காவல்காரர் பதிவில் முதல் பின்னூட்டத்தை வெளியிட்டுப் பார்த்தாள். பழைய தேதியில், என்றைக்குமே அங்கே இருந்த மாதிரி, போய் உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் பல்லி ஒரு கல்நெஞ்சக்காரி. அவர் செய்ததற்கு இவள் பெயரில் சாட்சி.

"என் நல்லதை இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒட்டடையுடையது, வரவேற்பாளர் பெண்ணுடையது, முகம் தெரியாத மனிதர்களுடையது, ஒன்று விடாமல் எல்லாம் வெளியே போயின. மட்டுறுத்தலை எடுத்தாள். அவருடைய மின்னஞ்சலை நீக்கித் தன்னுடையதைப் போட்டாள். அம்மா இறந்த சேதியின் அடியில் பதில் எழுத ஆரம்பித்தாள். பல்லைப் பற்றி இவ்வளவு எழுதியவளுக்கு இதில் ஒரு வரி வரவில்லை. கடைசியில், 'ஒட்டடை, இன்னிக்குத்தான் பார்த்தேன். வாசலில் யார் நின்றதென்று உனக்குத் தெரியும், நீ அன்றைக்கே சொன்னாய். அம்மாவின் அச்சு இருந்தால் அனுப்பு, அந்தச் செட் நான் செய்ய வேண்டியது' என்று எழுதி, தன் விலாசத்தையும் கைபேசி எண்ணையும் போட்டாள். இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று பொய் சொல்கிறவர்களும் இதையேதான் எழுதுவார்கள் என்று தெரிந்தே அனுப்பினாள்.

வீட்டுக்காரர் அன்று மத்தியானம் தானே துணியைக் காயப்போட்டார், தானே சமைத்தார். இவள் தட்டைத் தொடவில்லை. சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் கைபேசி சின்னதாக ஒலித்தது. புதிய பின்னூட்டம். இவள் பாய்ந்து எடுத்தாள். ஒட்டடை இல்லை. பழைய வாசகி என்று போட்டு யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள்.

'ஒரு அம்மா பல் இல்லாமல் உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். நீங்கள் பாயசத்தில் விழுந்த பல்லை எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். தோழி திரும்பத் திரும்பக் கெஞ்சியிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு இந்த நாடகம்? வெட்கமாக இல்லையா?'

வீட்டுக்காரர் இவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். முகம் வெளிறிப்போயிற்று. "நான் சொன்னேன் இல்ல? குடு, இதை மட்டும் எடுத்துடறேன்" என்று கையை நீட்டினார்.

இவள் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை.

"தொடாதீங்க. அது அங்கேயே இருக்கட்டும். ஒட்டடை என்னிக்காவது வந்து பாத்தா, அவங்க அம்மாவுக்காகச் சண்டை போட ஒருத்தியாவது இருந்தான்னு தெரியட்டும்."